இமைக்காத கண்

கண்ணாடிப் பெட்டிக்குள் குறைமாதக் குழந்தையின் விலா எலும்புகள் ஏறி இறங்குகின்றன. பெட்டிக்கு மேலே ஆராய்ச்சிக் கேமரா ஒன்று அந்த மூச்சை இரவும் பகலும் எண்ணிக்கொண்டிருக்கிறது. பெற்றவளுக்குத்தான் பார்வை நேரம், அதற்குக் கிடையாது. காஹாங்கிலிருந்து பஸ் பிடித்து வந்த யோகேஸ்வரி, மகளின் உள்ளங்காலில் தான் சற்றுமுன் வைத்த மைப்பொட்டை ஆராய்ச்சி டாக்டர் பிரவீனா பஞ்சால் துடைப்பதை முறைத்துப் பார்க்கிறாள்.

“பிஞ்சுத் தோலு அக்கா. மை பட்டா கிருமி வரும் லா.”

“கண்ணு பட்டா?”

“யாரு கண்ணு? வெளியாளுங்கள உள்ளயே விடுறதில்லையே.”

யோகேஸ்வரி நிமிர்ந்து கேமராவைப் பார்க்கிறாள். மை டப்பாவில் விரலைத் தோய்த்து, கேமராவின் கண்ணாடியில் வட்டமாக, அழுத்தித் தேய்க்கிறாள். பிரவீனாவின் கணினித் திரை கறுத்துப்போகிறது. பெட்டிக்குள் விலா எலும்புகள் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கின்றன.