ஒன்பது வீட்டுச் சாவி

“அவள் நுழைகிற வீட்டிலெல்லாம் பிணம் விழுகிறது.”

பெயர் சொல்லாத ஒரு குரல் தொலைபேசியில் தந்த புகார், முந்தைய நாள் மாலை தட்டச்சாகி, ரஸ்ஸலின் மேசைக்கு இப்படித்தான் வந்து சேர்ந்தது. மீதியும் சுவையாகவே இருந்தது. லொரைன் என்பவள் அரசின் நலத்தொகையை வாங்கிக்கொண்டே தொழில் நடத்துகிறாள். ஒன்பது வீட்டுக்குப் போவதாக எழுதிக் கொடுத்துவிட்டு இருபது வீட்டுக்குப் போகிறாள். வியாழக்கிழமை எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு ஸ்பெயினுக்குப் பறக்கப்போகிறாள்.

அன்று புதன்கிழமை. ரஸ்ஸல் அதிகாலையிலேயே காரை எடுத்தான். நலத்துறையின் மோசடிப் பிரிவில் அவனுக்குப் பதினான்கு வருடம். அண்டை வீட்டுப் பொறாமைக்கு நிகரான மோப்ப நாய் அரசாங்கத்திடம் இல்லை என்பது அவன் கண்ட உண்மை.

லொரைனின் கோப்பு அவனுக்கு நினைவிருந்தது. இங்கிலாந்தின் துறைமுக நகரான க்ரிம்ஸ்பியில் மீன் பதனிடும் ஆலை ஒன்று மூடியபோது வேலை இழந்தவள். சொந்தத் தொழில் தொடங்குகிறவர்கள் காலூன்ற அரசு ஒரு வருடம் அவகாசம் தருகிறது. அதுவரை நலத்தொகையும் கிடைக்கும். என்ன தொழில் என்ற கட்டத்தில் அவள் எழுதியிருந்ததைப் படித்து அலுவலகமே சிரித்திருந்தது.

தனியாக வாழும் முதியவர்களின் கதவைத் தினமும் காலை எட்டு மணிக்குத் தட்டுவாளாம். உள்ளிருந்து குரல் வந்தால் அடுத்த வீடு. வராவிட்டால், அவர்களே கொடுத்து வைத்த சாவியால் திறந்து உள்ளே போவாளாம். ‘செத்தால் அன்றைக்கே கண்டுபிடிக்கப்படுவார்கள்’ என்று, அதையும் ஒரு சேவையாக எழுதியிருந்தாள்.

இதற்கும் காசு கொடுக்க ஆள் இருக்கிறதா என்று அப்போது அதிகமாகச் சிரித்தவன் ரஸ்ஸல்தான்.

அவன் போய் இறங்கியபோது, கடலிலிருந்து ஏறிவந்த மூடுபனி தெருவின் ஒரு முனையைத் தின்றுவிட்டிருந்தது. லொரைனின் கதவைத் தட்டினான். பதில் இல்லை. ஆனால், உள்ளே யாரோ தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். மறுபடி தட்டினான். பேச்சு நிற்கவில்லை, தாழவும் இல்லை. கதவு தட்டப்படுவதே கேட்காததுபோல அது பாட்டுக்குத் தொடர்ந்தது.

பக்கத்து வீட்டுக்காரன் வேலைக்குக் கிளம்பி வெளியே வந்தான்.

“அந்தச் சாவுக்காரியா? ரெண்டு நாளா ஆளைக் காணோம் சார். நம்ம வரிப்பணத்துல எங்கயாச்சும் வெயில் காஞ்சிட்டிருப்பா.”

ஏப்ரலிலிருந்து இந்தத் தெருவில் மூன்று சாவு, மூன்றிலும் முதலில் உள்ளே போனவள் இவள்தான், இவள் எதிரே வந்தால் தன் மனைவி தெருவையே மாற்றிக்கொள்கிறாள் என்றெல்லாம் சொல்லிவிட்டு, அவன் வேனில் ஏறிப் போனான்.

அதன் பிறகுதான் ரஸ்ஸல் எதிர்வரிசையைக் கவனித்தான்.

ஒரு ஜன்னலில், இரவு உடையோடு ஒரு கிழவர் நின்றிருந்தார். அடுத்த வீட்டு ஜன்னலில் ஒரு கிழவி. அதற்கடுத்த வீட்டிலும் ஒருவர். தெரு நெடுக, பனிக்குள் மங்கும்வரை, கண்ணாடிக்குக் கண்ணாடி ஒரு வெளுத்த முகம். எண்ணினான். ஒன்பது.

யாரும் கையசைக்கவில்லை. யாரும் திரைக்குப் பின்னால் ஒளியவும் இல்லை. வேவு பார்க்கிறவர்கள் ஒளிவார்கள். அதை அவன் அறிவான். இவர்களோ, இவன் எதையோ செய்வதற்காகவே எழுந்து வந்து நிற்பவர்களைப் போல, இமைக்காமல் நின்றார்கள்.

அந்தப் பார்வைகளிலிருந்து தப்பவே, குனிந்து, கதவில் கடிதம் போடும் துளையின் மூடியைத் தூக்கினான்.

உள்ளே பேசிக்கொண்டிருந்தது வானொலி. படிக்கட்டின் அடியில், தரையோடு தரையாக ஒரு கால் தெரிந்தது. செருப்புக் கழன்ற வெறுங்கால், சாம்பல் நிறத்தில். ரஸ்ஸல் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தான். அதன் பெருவிரல் மெல்ல மடங்கியது.

அரசு அதிகாரி பேசுகிறேன் என்று அவன் சொன்னதும் ஆம்புலன்ஸ் பதினோரு நிமிடத்தில் வந்தது. கதவை உடைத்தார்கள். படியில் தவறி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, இரண்டு நாள் கிடந்திருக்கிறாள் லொரைன். இன்னும் ஓர் இரவு தாங்கியிருக்கமாட்டாள் என்றார் ஆம்புலன்ஸில் வந்த பெண். வெடித்த உதடுகளோடு ஸ்ட்ரெச்சரில் போகும்போதும் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: எட்டு மணி ஆகிவிட்டதா?

வண்டி பனிக்குள் மறைந்தது. முகங்கள் ஒவ்வொன்றாக ஜன்னலை விட்டு விலகின. எதிர்வீட்டுக் கதவு மட்டும் திறந்தது. எண்பத்தெட்டு வயது எட்னா, வாக்கரை ஊன்றிக்கொண்டு வாசலில் நின்றாள்.

“உயிரோடதானே போறா?”

ஆமாம் என்றான். அவள் கண்ணை மூடித் திறந்தாள். இரண்டு நாளும் தெருவைக் கடந்து போய்த் தட்டிப் பார்த்ததாகவும், பூட்டை உடைக்கத் தன் கைக்குத் தெம்பில்லை என்றும் சொன்னாள்.

“எங்க ஒன்பது பேரு சாவியும் அவகிட்ட இருக்கு. அவ சாவி யாருகிட்டயும் இல்ல.”

“ஒன்பதா? இருபது வீடுன்னுல்ல புகார் வந்துச்சு?”

“ஒன்பதுதான். இருபது நான் சேர்த்தது. ஸ்பெயினும் நான் சேர்த்ததுதான், ராசா.”

ரஸ்ஸலைப் பழக்கம் விடவில்லை. பொய்ப் புகார் கொடுப்பது குற்றம் என்று அவளுக்கு நினைவூட்டினான்.

எட்னா நிதானமாகத் தலையாட்டினாள்.

“‘கதவைத் திறக்கல, என்னாச்சோ தெரியல, வந்து பாருங்க’ன்னு மூணு ஆபீசுக்குப் போன் போட்டேன். மூணு பேரும் ஒரு நம்பரைக் கொடுத்து, காத்திருக்கச் சொன்னாங்க. ‘ஏமாத்துறா’ன்னு ஒரே ஒரு போன்தான் போட்டேன், விடிஞ்சதும் நீ வந்து நிக்கிற.”