ஆறாவது தட்டு

மாலை வெயில் மேசைமேல், பிரிக்காத சாப்பாட்டுப் பொட்டலத்தின்மேல் சாய்ந்திருக்கிறது. குடும்பங்கள் எப்படிச் சேர்ந்து சாப்பிடுகின்றன என்று ஆராய்கிற மானுடவியலாளர் ஒருத்தி, போன மாதம் ஒரு வீட்டில் பதிவுசெய்ததை ஹெட்ஃபோனில் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறாள். ‘சாப்பிட்டவர்கள் ஐவர்’ என்கிறது அவளுடைய குறிப்பேடு. பதிவில் அந்த வீட்டு அம்மாவோ, “ஆறு தட்டு எடுத்து வைடி” என்கிறாள். கணக்கு உதைக்கிறது. இவள் விரல் விட்டு எண்ணுகிறாள்: அப்பா, அம்மா, இரண்டு மகள்கள், மாப்பிள்ளை. ஐந்துதான். அதற்குள் தன்னுடைய குரலே காதில் விழுகிறது. “எனக்கு வேணாம்மா, நீங்க சாப்பிடுங்க. நான் சும்மா பாத்துட்டிருக்கேன்.” “அட, வந்து உக்காரும்மா.” “இல்ல, பரவால்லம்மா.” பிறகு, ஒரே ஒரு தட்டு அலமாரிக்குத் திரும்புகிற ‘ணங்’. அதை மட்டும் அவள் மறுபடி மறுபடி போட்டுக் கேட்கிறாள்.