திருடுபோன பாஸ்வேர்டு

“எம்மகன் எதைத் திருடுனான்னு சொல்லுங்கம்மா. இப்பவே திருப்பிக் குடுக்கச் சொல்றேன்” என்றாள் ராக்கம்மாள். வருசநாட்டிலிருந்து பஸ் மாறி மாறி உத்தமபாளையம் தாண்டியிருந்த அந்த என்ஜினீயரிங் கல்லூரிக்கு வந்து சேர்ந்திருந்தாள். பக்கத்தில் மகன் ஈஸ்வரபாண்டி தலையைக் குனிந்து நின்றான்.

சிவில் துறைத் தலைவி சுகிர்தம் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டார். “பாஸ்வேர்டும்மா. அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு.”

ராக்கம்மாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெயரே இத்தனை நீளமென்றால் பெரிய சாமானாகத்தான் இருக்க வேண்டும். மகனின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

“ஏலே, அதை எங்கன கொண்டுபோயி ஒளிச்சு வச்சிருக்க?”

“ஆத்தா, சும்மா இரு. அது சாமான் இல்ல.”

விஷயம் இதுதான். பாலம் வடிவமைக்கும் சாஃப்ட்வேர் ஒன்று கல்லூரி லேபில் இருந்தது. அட்மினிஸ்ட்ரேட்டராக உள்ளே நுழைந்தால்தான் அது திறக்கும். மாணவர்கள் தொட்டால், ‘உங்களுக்கு அனுமதி இல்லை’ என்று மூஞ்சியில் அடித்தாற்போல் சொல்லிவிடும்.

லேபைப் பார்த்துக்கொண்டிருந்த கர்ணன், பொங்கலுக்கு முன்பே மஸ்கட் வேலைக்குப் பறந்துவிட்டார். அதிலிருந்து, “கையால போட்டுப் பழகுனாத்தான் என்ஜினீயர்” என்று சொல்லி, மொத்த வகுப்பையும் சார்ட் பேப்பரில் பாலம் கட்ட வைத்துக்கொண்டிருந்தார் சுகிர்தம். ஈஸ்வரபாண்டி மட்டும் கம்ப்யூட்டரில் கட்டிய பாலத்தோடு வந்து நின்று வசமாக மாட்டிக்கொண்டான்.

“இது சைபர் கிரைம். ஹால் டிக்கெட்டை நிறுத்தி வைக்கப் போறேன்.”

ராக்கம்மாளின் கண் கலங்கிவிட்டது. “அப்படிச் சொல்லாதீகம்மா! கடைசிப் பரீட்சை. இதை எழுத விடலைன்னா எம்புள்ள பொழப்பே போச்சு.”

“வேற எதுலயும் கைவைக்கல மேடம்” என்றான் ஈஸ்வரபாண்டி. “கர்ணன் சார் டைப் பண்றப்ப வாய்க்குள்ள முணுமுணுப்பாக. கேட்டா எங்க ஊர் பேரு...”

“ஊர் பேருன்னு எனக்குத் தெரியாதா? கதை வேண்டாம். இந்த லேப் கம்ப்யூட்டர்ல உக்காந்து அடிச்சுக் காட்டு. ஒவ்வொரு எழுத்தா, சத்தமாச் சொல்லிக்கிட்டே அடி. நீ பொய் சொல்றியா இல்லையான்னு பார்க்கணும்.”

ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொண்டே தட்டினான். ராக்கம்மாள் கண்ணை மூடிக் குலசாமியைக் கும்பிட்டாள். பாதி வழியில் சுகிர்தம் கையை உயர்த்தினார்.

“நில்லு. அந்த எழுத்தை இன்னொரு தடவை சொல்லு.”

சொன்னான். “எங்க பள்ளிக்கூட பேட்ஜுல ஊர் பேரை இங்கிலீஷ்ல இப்படித்தான் மேடம் போட்டிருக்கும். கர்ணன் சாரும் அங்கனதான் படிச்சாக.”

மிச்ச எழுத்தையும் அடித்தான். அட்மினிஸ்ட்ரேட்டரை வரவேற்றுக் கம்ப்யூட்டர் திறந்துகொண்டது. சுகிர்தம் நாற்காலியில் சாய்ந்து நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார். கடுகடுப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

“உண்மையைச் சொன்னதால இந்தத் தடவை மன்னிச்சு விடறேன். ஹால் டிக்கெட்டை வாங்கிட்டுப் போய்ப் படி.”

“நீங்க நல்லா இருக்கணும்மா!” என்று ராக்கம்மாள் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டாள். “எடுத்ததை எடுத்த எடத்துல வச்சுட்டான்ல, அது போதும்” என்று மகனை இழுத்துக்கொண்டு வெளியேறினாள்.

அவர்கள் படியிறங்கும் சத்தம் ஓயும்வரை காத்திருந்து, சுகிர்தம் கதவைச் சாத்தினார். பிரின்சிபாலுக்குப் போன் போட்டார். குரலில் சந்தோஷம் பொங்கியது.

“சார், இனிமே கர்ணனுக்குப் போன் போட்டுக் கெஞ்ச வேண்டாம். வருசநாட்டுக்கு நடுவுல ஒரு ‘எச்’ இருக்காம்!”