லவுட்ஸ்பீக்கர்

“யாரு அந்த லவுட்ஸ்பீக்கர்? எந்திரிங்க, பார்க்கலாம்!”

மைக்கில் கேட்டு முடித்த பிறகுதான் நோரா மிஸ் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பெயரைக் கேட்கவே மாட்டேன் என்று ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். அந்த வாக்கை நம்பித்தான் அவளுடைய இணையப் பக்கமே ஓடிக்கொண்டிருந்தது.

அறிவியலில் என்ன சந்தேகம் வந்தாலும் கம்ப்யூட்டர் அறையில் உட்கார்ந்து தட்டலாம். தமிழோ கன்னடமோ உருதுவோ, ஆங்கில எழுத்தில் அடித்தால் போதும். சொந்தப் பெயர் வேண்டாம், பிடித்த பெயர் எதையாவது வைத்துக்கொள்ளலாம்.

வகுப்பில் ‘எனி டவுட்ஸ்?’ என்றால் குனிந்து பெஞ்சைப் பார்க்கிற பிள்ளைகள், அங்கே கேட்டுத் தள்ளினார்கள். அதிலும் லவுட்ஸ்பீக்கர் என்ற பெயரில் வருகிற கேள்விகளுக்குப் பதில் தேடி நோராவே கல்லூரிப் புத்தகங்களைத் தூசி தட்ட வேண்டியிருந்தது.

‘ஏரோப்ளேன் மேல போனா எங்க வீட்டு ஜன்னல் ஆடுது. செவுரு ஏன் மிஸ் ஆடல?’

தொம்மலூரில் பிறந்து, விமானச் சத்தத்திலேயே வளர்ந்த நோராவுக்கு இப்படிக் கேட்க ஒருநாளும் தோன்றியதில்லை.

இன்று பெற்றோர் கூட்டம். முன்வரிசையில் நிர்வாகக் குழுவினர். அவர்களுக்குப் பிடித்துப்போனால் வருகிற ஆண்டு எல்லா வகுப்புக்கும் இந்தப் பக்கம் உண்டு. மேடையில் கம்ப்யூட்டரை வைத்து, பின்னால் பெரிய திரையில் காட்டினாள். ஜன்னல் கேள்வியைப் படித்ததும் அரங்கமே கைதட்டியது.

யார் அந்தப் பிள்ளை என்று முன்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். நோராவுக்குத் தலைகால் புரியவில்லை. வாயில் வந்துவிட்டது.

வாயாடி ஓஸ்வால்டாகத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தாள். அவனோ கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைசி வரிசையில் எழுந்து நின்றது தர்ஷினி.

வருகைப் பதிவுக்குக்கூட வாய் திறக்காமல் கையை மட்டும் தூக்குகிற பெண். பேச ஆரம்பித்தால் முதல் எழுத்திலேயே சொல் சிக்கிக்கொள்ளும். யாராவது சிரிப்பார்கள். அவளை மனதில் வைத்துத்தான் நோரா இந்தப் பக்கத்தையே தொடங்கினாள். ஆனால் அவள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

தர்ஷினி சிரித்த முகமாக மேடைக்கு வந்தாள். இத்தனை பேர் அவளுக்காகக் கைதட்டி அவள் கேட்டதில்லை.

தலைமையாசிரியர் ஜெயராஜுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். மைக்கை அவள் கையில் திணித்தார்.

“சூப்பர்மா! அதே மாதிரி இன்னொரு கேள்வி, உன் வாயாலயே கேளு, எல்லாரும் கேக்கட்டும்.”

வேண்டாம் சார் என்று நோரா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முன்வரிசை பார்த்துக்கொண்டிருந்தது. அவளும் புன்னகைத்து, கேளு என்பதுபோலத் தலையை அசைத்தாள்.

“ம்... ம்... ம்...”

அரங்கத்தின் நான்கு மூலைகளிலும் இருந்த பெட்டிகள் அதை உரக்கச் சொல்லின. எங்கோ ஒரு சிரிப்புச் சத்தம். பிறகு பல.

தர்ஷினி மைக்கை மெல்ல மேஜைமேல் வைத்தாள். கீபோர்டை இழுத்துக்கொண்டாள். திரையில் ஒவ்வொரு எழுத்தாக விழுந்தது.

‘மிஸ், நான் போய் உக்காரட்டுமா?’

பெற்றோர்கள் அதை வேடிக்கை என்று நினைத்துவிட்டார்கள். முன்னைவிடப் பலமாகக் கைதட்டினார்கள். நிர்வாகக் குழுவினர் ஒருவரை ஒருவர் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்கள். எல்லா வகுப்புக்கும் அனுமதி அப்போதே கிடைத்துவிட்டது.

நோரா மைக்கை எடுத்து அணைத்தாள். போம்மா என்றாள்.

அந்தப் பக்கத்தில் தர்ஷினி கேட்ட கடைசிக் கேள்வி அதுதான்.