அடியில் கையெழுத்து

"இன்னும் ஒரு மரப்பொம்மை வீட்டுக்குள்ள வந்தா, எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்!"

ஜப்பானில் மரப்பொம்மைக்குப் பேர்போன நருகோ ஊரின் பொம்மைத் திருவிழாவில் இப்படி எச்சரித்துவிட்டுத்தான் என் மனைவி யாசுயோ வெந்நீர்க் குளியலுக்குப் போனாள்.

கடை வாசலில் ஆள் உயரப் பொம்மை ஒன்று நின்றது. கையில்லை, காலில்லை, அசல் நருகோ மரப்பொம்மை அழகு.

"அண்ணே, இது எனக்கு வேணும்."

கடைக்காரர் சிரிப்பை அடக்கினார். "சம்சாரத்துக்குத் தெரிஞ்சா?"

"அலமாரியில ஒளிச்சிடுவேன். போன மாசம் வாங்கின பதினாலையே அவ இன்னும் கண்டுபிடிக்கல!"

"அப்ப அடியில கையெழுத்தைப் பாத்துக்குங்க."

முறைப்படி குனிந்து பார்த்தேன். செய்தவர் கையெழுத்து இல்லை. சிவப்பு வார்ச் செருப்பில் இரண்டு கால்கள் இருந்தன. புத்தாண்டுக்கு யாசுயோவுக்கு நான் வாங்கித் தந்த செருப்பு.

காகிதக்கூழ்ப் பொம்மைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"பொம்மை வேஷ ஊர்வலத்துக்கு ஆள் கொறையுதுன்னு கூப்பிட்டாங்க, வந்தேன். அது எந்த அலமாரிங்க?"