குடைக்கம்பியின் நீளம்

சிரிக்கச் சிரிக்க எழுதுகிறவர்கள் சந்தோஷமான ஆட்கள் என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. இந்தத் தவறு உடனடியாகத் திருத்தப்பட வேண்டும்.

வாரப் பத்திரிகையில் ‘நினைச்சபடியே கெட்டது’ என்று தன் வாழ்க்கையை நகைச்சுவைத் தொடராக எழுதிவந்த பெரியவர், வெயில் காலத்திலும் குடையோடு புறப்பட்டு, அதைத் தொலைத்துவிட்டு, “தெரியும்” என்று திருப்தியாக வீடு திரும்புகிறவர். பத்திரிகை அலுவலகத்தில் அவருக்கு ‘அவநம்பிக்கையார்’ என்று பெயர்.

தொடர் கொஞ்ச வாரமாகப் படுத்துவிட்டது. பத்திரிகையின் உதவி ஆசிரியை அவர் வீட்டுக்கு நேரிலேயே போய்விட்டாள். அவருடைய பக்கமும், எதிர்ப்பக்கத்துச் சிரிப்புத் துணுக்குகளும் அவள் பொறுப்பு.

“சார், போன வாரம் பக்கம் முழுக்கக் குடைக்கம்பியோட நீளம். யார் சார் சிரிப்பாங்க?”

“யாரும் சிரிக்க வேணாம்.”

“கல்யாண போட்டோ எடுக்கறப்ப நாற்காலி உடைஞ்ச கதையை எழுதறேன்னீங்களே?”

“இப்ப மாட்டேன்.”

“இந்த வாரமும் இப்படின்னா ஆசிரியர் தொடரையே நிறுத்திடுவாரு.”

“நிறுத்துவாருன்னு முதல் வாரமே வீட்ல சொல்லிட்டேன்.”

திமிர் என்று நினைத்துக்கொண்டாள். சரக்கு தீர்ந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டால் என்னவாம்?

உள்ளேயிருந்து குரல் வந்தது. “ஏங்க, இந்த வாரத்துக்கு எழுதியாச்சா? படிங்களேன்.”

அவர் மனைவி வயிற்றின்மேல் ஒரு தலையணையை அணைத்தபடி கட்டிலில் கிடந்தாள்.

“வாம்மா, உக்காரு. எனக்குப் படிச்சுக் காட்டாம ஒரு வரி அனுப்பமாட்டார். முன்னெல்லாம் நான் சிரிச்ச இடத்துல பென்சிலால கோடு போட்டுக்குவார். இப்ப பென்சிலையே காணோம்.”

அவர் படித்தார். ஒழுகும் குழாய்க்கு வாஷர் மாற்றும் முறை. குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. வாஷரைக் கழற்றுவதற்குள் மனைவி தூங்கிப்போனாள்.

“அம்மாவே தூங்கிட்டாங்க, சார்.”

“நல்லதாப் போச்சு.” அறைக்கு வெளியே வந்து கதவை மெல்லச் சாத்தினார். “வயித்துல ஆபரேஷன் ஆயிருக்கு. தையல் இன்னும் பிரிக்கல. இவ சிரிக்க ஆரம்பிச்சா லேசுல நிறுத்தமாட்டா. தையல் விட்டுடும்.”

“டாக்டர் சொன்னாரா?”

“ஒண்ணும் ஆகாதுங்கறார். அவருக்கென்ன, நம்பிக்கைக்காரர்.”

“அம்மாவுக்கு இதைப் படிச்சுட்டு, எங்களுக்கு அந்த நாற்காலிக் கதையைக் கொடுத்துடலாமே?”

“பத்திரிகை வந்ததும் என் பக்கத்தையும் எதிர்ப்பக்கத்தையும் ஒரு எழுத்து விடாம படிப்பாம்மா.”

அவள் குழாய்க் கட்டுரையை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள்.

ஆசிரியரிடம் என்ன சொன்னாளோ, அந்த வாரம் கட்டுரை ஒரு வரி குறையாமல் வெளிவந்தது. எதிர்ப்பக்கத்தில் துணுக்குகள் இல்லை. ரயில் நேர அட்டவணை இருந்தது.