கடைசிச் சொல்

"வீட்டப் பூட்டிட்டுப் போறப்ப, ரெண்டு தடவ இழுத்துப் பாக்குற…"

அதோடு நின்றுவிட்டார்.

படத்தில் இருந்தது பூட்டு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி ஆவுடையம்மாளுக்கு உதடு வரைக்கும் வந்துவிட்டது அந்தச் சொல். பேச்சுப் பயிற்சி தருகிற பெண் விரலை உயர்த்தினாள். எடுத்துக் கொடுக்கக் கூடாது. அவர் வாயால் வந்தால்தான் மதிப்பெண்.

வீட்டில் எடுத்துக் கொடுத்தே பழகிவிட்டது. காலையில் 'சட்டையில மாட்டுற' என்பார், இவள் பொத்தான் என்பாள். பக்கவாதம் வந்த கையும் காலும் மெல்ல மெல்லத் திரும்பிவிட்டன. பெயர்கள் மட்டும் திரும்பவில்லை. அதுவும் ஆயுசு முழுக்க ஊர் பேர் சொல்லிச் சொல்லி ஆட்களை இறக்கிவிட்ட கண்டக்டருக்கு.

"நம்ம தமிழ்ல விவரமெல்லாம் முன்னாடி வந்துரும்மா, பேரு கடைசியிலதான் வரும்" என்றாள் அந்தப் பெண். "சாருக்கு விவரம் பூரா இருக்கு. அந்தக் கடைசிச் சொல்தான் வரமாட்டேங்குது."

அடுத்த படம் குடை.

"ஏறும்போது மழை பேஞ்சு, எறங்கும்போது வெயிலடிச்சா, ஜனங்க பஸ்ஸுல மறந்துட்டுப் போற…"

ஸ்டாப்புக்கு நாலடி முன்னால் வண்டி நின்றுவிட்டது.

ஆனாலும் அவளுக்குப் பெருமையாக இருந்தது. குடை என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். விவரமில்லாதவனுக்கும் பேர் வாயில் நிற்கும். அந்த மழையையும் வெயிலையும் இந்த மனுஷன் அல்லவா கூட்டிவருகிறார்.

பெருமைக்கு அடியில் ஒரு பயமும் கிடந்தது. படுத்த நாளிலிருந்து ஒரு தடவைகூட அவர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. தன்னை யாரென்று தெரிகிறதா, இல்லையா?

படங்கள் தீர்ந்தன. அந்தப் பெண் ஆவுடையம்மாளைக் காட்டினாள்.

"இவங்க யாரு சார்?"

வெகுநேரம் பார்த்தார்.

"சாப்பிட்டாச்சுன்னு எங்கம்மாகிட்ட பொய் சொல்லிட்டு, கடைசி ட்ரிப்பு முடிஞ்சு நான் வர்ற வரைக்கும் பட்டினியா உக்காந்திருந்த…"

பேனா காத்திருந்தது.

"நான் மொகங் குடுத்துப் பேசாத அன்னைக்கு, கொழம்புல உப்புப் போடாம பழிவாங்குற…"

அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். மனம் கேட்கவில்லை போலும், அவளே முதலெழுத்தை எடுத்துக் கொடுத்தாள். "ஆ…"

அவர் கையை அசைத்து மறுத்தார்.

"இரு. இன்னும் முடியல."

நாற்காலியை ஆவுடையம்மாள் பக்கம் திருப்பிக்கொண்டார். சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன.

"நான் தூங்கிட்டேன்னு நெனச்சு… பாத்ரூம் கொழாயத் தெறந்து விட்டுட்டு… சத்தங் கேக்காம அழுவுற…"

அந்தப் பெண் பேனாவை மூடிவைத்துவிட்டாள்.

ஆவுடையம்மாள் அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

அங்கே குழாய் இல்லை.